போர் முடிந்தது, மருந்து மிஞ்சியது

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அமெரிக்க ராணுவக் கிடங்குகளில் புகையற்ற வெடிமருந்து மலையாய்க் குவிந்திருந்தது. கன்சாஸைச் சேர்ந்த புரூஸ் ஹாட்ஜ்டன் தன் ஆயுள் காப்பீட்டின் பேரில் கடன் வாங்கி, அந்த வெடிமருந்தில் 50,000 பவுண்டு எடையை விலைக்கு எடுத்தார். மேய்ச்சல் நிலத்தில் நிறுத்திய பழைய ரயில் பெட்டிதான் அவருடைய கிடங்கு.

அது கராண்ட் துப்பாக்கித் தோட்டாக்களுக்கான 4895 ரகம். சுட்டபின் எஞ்சும் பித்தளைக் கூட்டில் மீண்டும் மருந்தும் குண்டும் ஏற்றிக்கொள்ளும் வேட்டைக்காரர்களுக்கு அந்த மலிவுச் சரக்கு பெரிய வரம்.

ஆனால் ராணுவ மருந்தும் கடை மருந்தும் ஒன்றல்ல. ராணுவத்துக்குத் தயாராகும் மருந்து தொகுதிக்குத் தொகுதி எரியும் வேகத்தில் மாறும். தோட்டா ஆலை ஒவ்வொரு தொகுதியையும் சோதித்து அளவைத் திருத்திக்கொள்ளும். வீட்டில் நிரப்புபவரிடம் அந்தக் கருவிகள் இல்லை. அதனால்தான் சில்லறை டப்பாவில் வருவதை ஏறக்குறைய ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்து விற்கிறார்கள். அச்சிட்ட அளவு அட்டவணையும் அந்த டப்பா மருந்துக்கே பொருந்தும்.

வயதும் முக்கியம். மருந்திலுள்ள நைட்ரோசெல்லுலோஸ் காலப்போக்கில் சிதையும். அதைத் தாமதப்படுத்தச் சேர்க்கும் நிலைப்படுத்தி தீர்ந்துவிட்டால் அமில நெடி எழும். மருந்து தானே தீப்பற்றவும் கூடும்.

உபரிச் சரக்கு குறைந்ததும் ஹாட்ஜ்டன் அதையொத்த மருந்தைப் புதிதாகச் செய்யவைத்தார். எச்4895 என்ற அந்த ரகம் பின்னாளில் ஆஸ்திரேலியாவின் முல்வாலா ஆலையிலிருந்து வரத் தொடங்கியது.