எண்ணத்திற்கும் கைக்கும் இடையே



வளர்ந்த மகன் சினத்தில் கதவை அடித்துச் சாத்திவிட்டு வெளியேறுகின்றான். ஒரு மணி நேரத்தின் பின் தலைகுனிந்து வந்து நிற்கின்றான். “ஏன் இப்படிச் செய்தாய்?” என்று கேட்கின்றீர்கள். “எனக்கே தெரியாது” என்கின்றான். அவன் பொய் சொல்லவில்லை என்பதை நீங்களும் உள்ளூர அறிவீர்கள்.

உந்துதலைத் தடுத்து நிறுத்துவதில் நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளையின் முன்பகுதிக்குப் பெரும் பங்குண்டு. அது முழுமையாக முதிர்வதற்கு ஏறத்தாழ இருபத்தைந்து வயதாகின்றது. அதுவரை அதற்கு வெளியிலிருந்து சற்றுத் துணை கொடுக்க முடியுமா?

இக்கேள்வியை ஆராய்ந்த ஒலிவியா சோய், ஏட்ரியன் ரெயின், ரோய் ஹமில்டன் ஆகியோர் 2018ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் நடந்த அவ்வாய்வில் 81 பேர் பங்குகொண்டனர். பெரும்பாலோர் இளையோர், எவரும் நோயாளர் அல்லர். அவர்களுள் 39 பேரின் நெற்றிப்பகுதிக்கு 2 மில்லி அம்பியர் என்ற மிக மெல்லிய மின்னோட்டம் 20 நிமிடங்கள் செலுத்தப்பட்டது. எஞ்சிய 42 பேருக்கும் மின்வாய்கள் பொருத்தப்பட்டன. ஆனால் அவர்கள் பெற்றது பாவனைச் சிகிச்சையே. யாருக்கு எது கிடைத்தது என்பது அவர்களுக்குத் தெரியாது.

பின்னர் வன்முறைச் சம்பவங்கள் சிலவற்றை விவரித்து, “நீங்களாயின் இவ்வாறு செய்வீர்களா?” என்று கேட்டனர். மின்னோட்டம் பெற்றோர், தாம் அவ்வாறு தாக்கும் வாய்ப்புக் குறைவு என்றனர். அச்செயல்களை அறநெறிக்கு மாறானவை என்று கூடுதல் உறுதியுடன் கண்டித்தும் உரைத்தனர்.

மகிழ்வூட்டும் செய்திதான். எனினும் அதே ஆய்வில் மற்றொரு சோதனையும் இருந்தது. ஒரு பொம்மையைத் தமக்கு நெருங்கிய ஒருவராகப் பாவித்து, விரும்பிய அளவு ஊசிகளைக் குத்தும்படி அவர்களிடம் கூறப்பட்டது. அதில் இரு குழுக்களுக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தென்படவில்லை. நாவு மாறியது, கை மாறவில்லை.

உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 7ஆம் அதிகாரத்தில் புனித பவுல் இதே இடைவெளியில் நின்றே துடிக்கின்றார். நன்மையை விரும்பியும் அதைச் செய்ய இயலாத தம் நிலையை அவர் மறைக்கவில்லை. இளைஞனின் “எனக்கே தெரியாது” என்ற பதிலைச் சாட்டு என்று தள்ளிவிடுவோர் அவ்வதிகாரத்தை ஒருமுறை வாசிப்பது நலம்.

விஞ்ஞானத்தைக் குறைகூறுவது என் நோக்கமன்று. இத்துறையின் பிற ஆய்வுகளும் ஒருமித்த முடிவைத் தரவில்லை என்பதையே சுட்டுகின்றேன். இவ்வகைக் கருவிகள் இணையத்திலும் விற்பனையாகின்றன. மருத்துவரின் மேற்பார்வையின்றி அவற்றைப் பிள்ளையின் தலையில் பொருத்த எண்ணாதீர்கள். தவறாகப் பொருத்தினால் தோல் எரிந்து புண்ணாவதும் உண்டு. சினம் அடிக்கடி எல்லை மீறுமாயின் மனநல மருத்துவரை நாடுவதில் வெட்கமில்லை.

வாசலில் நிற்கும் மகன் இன்னும் இராச்சாப்பாடு உண்ணவில்லை. முதலில் அவனை உள்ளே அழையுங்கள்.