வியாபாரம் இல்லாவிட்டாலும் கணக்கு உண்டு

பிரைவேட் லிமிடெட் கம்பெனி பதிவாகிச் சான்றிதழ் மின்னஞ்சலில் வந்ததும் பலரும் லோகோ வரையவும் விசிட்டிங் கார்டு அடிக்கவும் கிளம்பிவிடுகிறார்கள். சட்டமோ அன்றைக்கே நாள் எண்ணத் தொடங்கிவிடுகிறது. சொந்தப் பெயரில் கடை நடத்துபவர் கம்பெனிச் சட்டத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. கம்பெனிக்கு அந்த விடுதலை கிடையாது. ஒரு ரூபாய்க்குக்கூட விற்காத கம்பெனியையும் தணிக்கைக்கு உட்படுத்தி, ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யச் சொல்கிறது 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம். சின்னக் கம்பெனிகள் பலவும் மாட்டிக்கொள்வது, “ஒண்ணுமே நடக்கலையே, எதுக்கு ஃபைல் பண்ணணும்?” என்ற நினைப்பினால்தான்.

முதல் ஆறு மாதத்தைப் பார்ப்போம். பதிவான 30 நாளுக்குள் முதல் போர்டு கூட்டம் நடக்க வேண்டும். அதே 30 நாளுக்குள் முதல் ஆடிட்டரை இயக்குநர்கள் நியமிக்க வேண்டும். இரண்டு மாதத்துக்குள் பங்குச் சான்றிதழ் கொடுத்துவிட வேண்டும். இவற்றையெல்லாம் விட முக்கியம் ஐஎன்சி-20ஏ என்ற படிவம். பங்குதாரர்கள் தருவதாக எழுதிக்கொடுத்த மூலதனம் கம்பெனியின் வங்கிக் கணக்குக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று இயக்குநர் தரும் உறுதிமொழி அது. 180 நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அதற்கு முன் கம்பெனி வியாபாரம் தொடங்கவும் கூடாது, கடன் வாங்கவும் கூடாது. தவறினால் கம்பெனிக்கு 50,000 ரூபாய் அபராதம். பொறுப்பில் இருப்பவர்களுக்கு நாளொன்றுக்கு 1,000 வீதம், அதிகபட்சம் ஒரு லட்சம். லட்ச ரூபாய் மூலதனம் என்று காகிதத்தில் எழுதிவிட்டுப் பணத்தைப் போடாமலே இருப்பவர்கள் சிக்குவது இங்கேதான்.

வாசலில் பெயர்ப்பலகையும் வேண்டும். கம்பெனியின் பெயரும் பதிவு அலுவலக முகவரியும் அதில் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதினால் அந்த வட்டாரத்தில் வழங்கும் மொழியின் எழுத்திலும் எழுத வேண்டும் என்கிறது 12ஆம் பிரிவு. மதுரையிலோ திருப்பூரிலோ இருந்தால் தமிழ்ப் பலகை மத்தியச் சட்டப்படியே கட்டாயம் என்பது பலருக்குத் தெரியாது. வாடகை வீட்டைப் பதிவு அலுவலகமாகக் காட்டிவிட்டு வீடு மாறினால் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் நோட்டீஸ் எல்லாம் பழைய முகவரிக்கே போகும். “அப்படி யாரும் இல்லை” என்று திரும்பினால் கம்பெனிப் பதிவாளர் நேரில் ஆள் அனுப்பிப் பார்க்கலாம், கம்பெனியின் பெயரையே நீக்கும் நடவடிக்கையும் தொடங்கலாம்.

இனி ஆண்டுச் சக்கரம். மார்ச் 31இல் கணக்கு முடிகிறது. செப்டம்பர் 30க்குள் ஆண்டுப் பொதுக்கூட்டம். முதல் நிதியாண்டுக்கு மட்டும் டிசம்பர் வரை அவகாசம் உண்டு. பங்குதாரர்கள் கணவனும் மனைவியும் மட்டும்தான், பதிவு அலுவலகம் வீட்டு ஹால்தான் என்றால் கூட்டத்தை அங்கேயே நடத்தலாம். ஆனால் நோட்டீஸ் போக வேண்டும், தீர்மானங்களை நடவடிக்கைக் குறிப்பேட்டில் 30 நாளுக்குள் எழுதி வைக்க வேண்டும். கூட்டம் முடிந்த 30 நாளுக்குள் கணக்கறிக்கையை ஏஓசி-4 படிவத்திலும், 60 நாளுக்குள் ஆண்டு விவர அறிக்கையை எம்ஜிடி-7ஏ படிவத்திலும் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். இயக்குநர் கம்பெனிக்குக் கடன் கொடுத்திருந்தால் ஜூன் 30க்குள் டிபிடி-3. “சிறு கம்பெனி” என்ற வகைக்கு ஒரு சலுகை: வருடத்துக்கு நான்கு போர்டு கூட்டத்துக்குப் பதிலாக, அரையாண்டுக்கு ஒன்று வீதம் இரண்டு போதும், இடையில் 90 நாளாவது இருந்தால் சரி. 2022இல் வைத்த வரம்பே மூலதனம் 4 கோடி, விற்றுமுதல் 40 கோடி. அதனால் வேறொரு கம்பெனியின் துணை நிறுவனமாக இல்லாத பட்சத்தில், குடும்பக் கம்பெனி எதுவும் அநேகமாக இதற்குள் அடங்கிவிடும்.

தாமதித்தால்? ஏஓசி-4க்கும் எம்ஜிடி-7ஏவுக்கும் தனித்தனியே நாளொன்றுக்கு 100 ரூபாய். நூறுதானே என்று தோன்றும். இதற்கு உச்சவரம்பு கிடையாது என்பதுதான் விஷயம். இரண்டையும் ஒரு வருடம் விட்டால் 73,000 ரூபாய். அதற்குள் அடுத்த வருடத்துப் படிவங்களும் வரிசையில் வந்து நிற்கும். ஆடிட்டர் கட்டணத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று படிவத்தைத் தள்ளிப்போடுவதைப் போல நஷ்டக் கணக்கு வேறில்லை.

தொடர்ந்து மூன்று நிதியாண்டு தாக்கல் செய்யாவிட்டால் இயக்குநரே தகுதி இழக்கிறார். ஐந்து ஆண்டுக்கு எந்தக் கம்பெனியிலும் புதிதாக இயக்குநராக முடியாது. 2017இல் மத்திய அரசு இந்த விதியைக் கையில் எடுத்தபோது 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளின் பெயர் நீக்கப்பட்டது. 3 லட்சத்துக்கும் மேற்பட்ட இயக்குநர்கள் தகுதி இழந்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்குகள் போயின. நண்பருக்காகக் கையெழுத்துப் போட்டு இயக்குநரானவர்களும் அதற்கு விலக்கில்லை. எனவே பெயருக்கு இயக்குநராகச் சம்மதிக்கும் முன் இரண்டு முறை யோசியுங்கள்.

படிவங்களைவிட நுட்பமான சிக்கல் பணத்தில் இருக்கிறது. கம்பெனி சட்டத்தின் கண்ணில் தனி ஆள். அதன் கணக்கிலிருந்து பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ் கட்டினால், முதலாளி தன் பணத்தைச் செலவழித்ததாக ஆகாது. இயக்குநர் கம்பெனியிடம் கடன் வாங்கியதாக ஆகும். அத்தகைய கடனை 185ஆம் பிரிவு பொதுவாகத் தடுக்கிறது. வருமான வரித்துறை அதை டிவிடெண்டாகவே கருதி வரி கேட்கவும் இடமுண்டு. வீட்டுக்குப் பணம் வேண்டுமென்றால் தீர்மானம் போட்டுச் சம்பளமாக எடுங்கள், லாபம் இருந்தால் டிவிடெண்டாக எடுங்கள். மறுபக்கம், இயக்குநர் தன் கைப்பணத்தைக் கம்பெனிக்குள் போடலாம். அது பிறரிடம் கடன் வாங்கிக் கொடுத்த பணமல்ல என்று எழுத்தில் தர வேண்டும், வங்கி வழியாகவே போட வேண்டும்.

எல்லாவற்றையும் ஆடிட்டரிடம் விட்டுவிட்டேன் என்பது நம்மூரில் வழக்கமான பதில். டிஜிட்டல் கையொப்ப டோக்கனையும் சேர்த்தே விட்டுவிடுகிறார்கள்! அந்த டோக்கனைக் கையில் வைத்திருப்பவர் உங்கள் பெயரில் எதிலும் கையெழுத்திடலாம். சட்டத்தின் முன் அது உங்கள் கையெழுத்துதான். டோக்கனை வாங்கி வீட்டில் வையுங்கள். படிவம் தாக்கலான ரசீது எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.

ஜிஎஸ்டி பதிவு இருந்தால் விற்பனை இல்லாத காலத்துக்கும் ரிட்டர்ன் உண்டு. சம்பளம், வாடகை கொடுக்கும்போது வரம்பு தாண்டினால் டிடிஎஸ் பிடிக்க வேண்டும். லாபம் வந்தாலும் நஷ்டம் வந்தாலும் வருமான வரிக் கணக்கும் உண்டு. தமிழ்நாட்டில் உள்ளாட்சி அமைப்புக்கு அரையாண்டுத் தொழில்வரி கட்ட வேண்டும்.

கம்பெனி இனி ஓடாது என்று தெரிந்துவிட்டால் முறையாக மூடிவிடுவது மேல். தொடங்கி ஒரு வருடத்துக்குள் வியாபாரம் ஆரம்பிக்காத கம்பெனியும், இரண்டு வருடமாக வியாபாரம் இல்லாத கம்பெனியும் எஸ்டிகே-2 படிவத்தில் பெயர் நீக்கக் கேட்கலாம். கட்டணம் 10,000 ரூபாய். அதற்கு முன் கடன்களைத் தீர்த்து, வங்கிக் கணக்கை மூடி, வியாபாரம் நின்ற ஆண்டு வரையிலான நிலுவைப் படிவங்களைத் தாக்கல் செய்திருக்க வேண்டும். ஜிஎஸ்டி பதிவை ரத்து செய்தால் மூன்று மாதத்துக்குள் இறுதி ரிட்டர்னும் போட வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.