லாரியின் இரட்டைப் புகைக்குழாய்: விட்டம் தேர்தல்

இரட்டைப் புகைக்குழாய் என்பது லாரி எஞ்சினின் கழிவு வாயுவை இரு குழாய்கள் வழியே வெளியேற்றும் அமைப்பாகும். வாயு செல்லும் வழியின் பரப்பு, உள்விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே 4 அங்குலக் குழாய் ஒன்றுக்கு 2 அங்குலக் குழாய்கள் இரண்டு ஈடாகா; பரப்பு பாதியாகிவிடும் (4² = 16; 2² + 2² = 8). 3 அங்குலக் குழாய்கள் இரண்டு (9 + 9 = 18) போதும்; மிகுதி, கூடுதல் உராய்வை ஈடுசெய்யும்.

குழாய் குறுகினால் பின்னழுத்தம் உயர்ந்து, இழுவை குறைந்து, டீசல் செலவு கூடும். மிக அகன்றால் எடையும் இடநெருக்கடியும் மிகும்.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 120ஆம் விதிப்படி சைலன்சர் கட்டாயம். 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள பாரத் நிலை 6 லாரிகளில் குழாயை மாற்றும்போது புகை வடிகட்டியை நீக்கக் கூடாது. நீக்கினால் தாம்பரம், வண்டலூர் பகுதிகளில் ஜி.எஸ்.டி. சாலையோரம் வசிப்போரே அக்கரியைச் சுவாசிக்க நேரும்.