எறும்புக்குக் கால் எங்கே?

குழந்தைகள் காப்பகத்தில் நாலு வயதுப் பிள்ளைகளிடம் களிமண்ணைக் கொடுத்து எறும்பு செய்யச் சொன்னால், மூன்று உருண்டை பிடித்து வரிசையாக ஒட்டிவிடுவார்கள். அதுவரை சிக்கல் இல்லை. ஈர்க்குச்சியை ஒடித்துக் கால் வைக்கும்போதுதான் வேடிக்கை. பல எறும்புகளுக்கு உருண்டைக்கு இரண்டு என்று கால் முளைத்திருக்கும். மூன்று உருண்டை, ஆறு கால், ஆளுக்கு இரண்டு. பங்கு சரிதான், எறும்பின் உடம்புதான் அப்படிப் பிரித்துக் கொடுக்கவில்லை. ஆறு கால்களும் நடு உருண்டையிலிருந்தே கிளம்புகின்றன.

தலைக்குக் கண், உணர்கொம்பு, தாடை என்று தனி வேலை. வயிற்றுக்குச் செரிமானமும் முட்டையும். நடக்கவும் பறக்கவும் தேவையான தசைகள் நடுவில் இருக்கும் மார்புக்குள் அடைந்து கிடக்கின்றன. கட்டெறும்பு நடப்பதைக் கைபேசியில் ஸ்லோ மோஷனில் எடுத்துப் பாருங்கள். வலப்பக்கத்து முன்காலும் பின்காலும், இடப்பக்கத்து நடுக்காலும் தரையில் நிற்க, மற்ற மூன்றும் முன்னே போகும். அடுத்த அடியில் முறை மாறும். எந்த நேரமும் முக்காலி போல மூன்று ஊன்றல். அதனால்தான் மேடு பள்ளத்திலும் ஆடாமல் ஓடுகிறது.

ஆனாலும் பிள்ளையின் எறும்பைத் தப்பு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பூச்சியின் மார்பே மூன்று கண்டங்கள் சேர்ந்து ஆனது. கண்டத்துக்கு ஒரு ஜோடி என்றுதான் அங்கே கால்கள் அமைந்திருக்கின்றன. பிள்ளை போட்ட கணக்கு சரி, இடம்தான் மாறிவிட்டது. பூச்சிகளின் தொல் மூதாதைகளுக்கோ உடம்பு நெடுகக் கால்கள் இருந்தன. வயிற்றுக் கண்டங்களில் கால் வளரவிடாமல் தடுக்கும் மரபணுக்கள் பிற்பாடு அந்த வேலைக்கு வந்து சேர்ந்தவை. மாவில் நெளியும் வண்டின் கருவில் அப்படிப்பட்ட இரண்டு மரபணுக்களை ஆய்வாளர்கள் முடக்கிப் பார்த்தார்கள். வயிற்றுக் கண்டங்களிலும் கால் போன்ற உறுப்புகள் முளைத்தன.

தலையில் கால் வைத்த பிள்ளைக்கும் சாட்சி உண்டு. வாழைப்பழத்தைச் சுற்றும் பழ ஈயில், மார்புக் கண்டத்தை மார்பாக்கும் மரபணு ஒன்று இருக்கிறது. அது இடம் தவறித் தலையில் வேலை செய்யத் தொடங்கினால், உணர்கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் முழுக் கால் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். எந்தக் கண்டம் எதுவாக வேண்டும் என்று தீர்மானிக்கும் இந்த மரபணுக் குடும்பத்தைப் பழ ஈக்களில் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த எட்வர்ட் லூயிஸ், 1995இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசை மற்ற இருவருடன் பகிர்ந்துகொண்டார். இதே குடும்பத்து மரபணுக்கள் நம் உடம்பிலும் இருக்கின்றன. எந்த முதுகெலும்பில் விலா எலும்பு வர வேண்டும், எதில் வரக்கூடாது என்பதில் அவற்றுக்கும் கை உண்டு.

முட்டை ட்ரேயை நீளவாக்கில் வெட்டிப் பச்சை பூசிச் செய்யும் புழு எல்லாக் காப்பகத்திலும் உண்டு. குழிக்குக் குழி கால் ஒட்டுவார்கள். இதிலும் பாதி உண்மை இருக்கிறது. கறிவேப்பிலைச் செடியில் பச்சைப் புழு கிடைத்தால், இலையோடு திருப்பிப் பாருங்கள். தலையை ஒட்டி மூன்று ஜோடிக் கூரிய சிறு கால்கள். பின்னால், நடுவுடம்பில் நாலு ஜோடியும் வால் முனையில் ஒரு ஜோடியுமாகக் கொழுத்த தசைக்கால்கள். அவற்றின் அடியில் நுண்ணிய கொக்கிகள் வரிசையாக இருப்பதால்தான் காற்றடித்தாலும் புழு இலையை விடுவதில்லை. இந்தத் தசைக்கால்கள் வளர வேண்டிய இடங்களில் மட்டும், வயிற்றில் கால் கூடாது என்னும் மரபணுத் தடை விலகிக்கொள்கிறது. கூட்டுப்புழுப் பருவத்தோடு அவை காணாமல் போகும். முன்னால் உள்ள ஆறுக்கு ஈடாகத்தான் பட்டாம்பூச்சியின் ஆறு கால்கள் வருகின்றன. ஆகவே ட்ரே புழுவுக்கு முன்கால் ஆறைப் பசை போட்டு ஒட்டலாம். மற்றவற்றை செல்லோடேப்பில் நிறுத்தினால், பிறகு பிய்த்தெடுத்துவிட்டுக் காகித இறக்கை மாட்டிவிடலாம்.

அப்படிச் செய்த பட்டாம்பூச்சிக்கு ஒரு பிள்ளை நாலே கால் வைத்திருந்தால், மிஸ் உடனே திருத்த வேண்டாம். தமிழ்நாடு 2019இல் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்த தமிழ் மறவன், வரியன்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தில் முன்னங்கால் ஜோடி குறுகி, மயிரடர்ந்த சிறு தூரிகைகளாக மார்போடு மடங்கிக் கிடக்கும். நிற்பதும் நடப்பதும் மற்ற நாலு கால்களால்தான். எந்தப் பட்டாம்பூச்சி செய்தாய் என்று முதலில் கேட்டுக்கொள்ளலாம்.