மகதலா மரியாவின் பெயரைக் கெடுத்தவர் யார்?



ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது இது. நான் குருவாகிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. இராமேசுவரம் தீவை அடுத்த ஒரு கடற்கரைப் பங்கில் தவக்காலத்தில் திருப்பாடுகளின் நாடகம் போடுவதென்று இளைஞர்கள் தீர்மானித்தார்கள். வசனத்தை நானே எழுதினேன். ஆண்டவரின் பாடுகள் மட்டும் போதாது, கூட்டம் உட்கார வேண்டுமே என்று மகதலா மரியாவுக்கு ஒரு தனிக் காட்சி சேர்த்தேன். சிவப்புப் புடவை, தலை நிறைய மல்லிகை, கை நிறைய வளையல், ஒரு பாட்டு. பிறகு ஆண்டவரின் காலடியில் விழுந்து கதறல்.

அந்த வேடத்துக்கு ஊரில் எந்தப் பெண்ணும் ஒத்துக்கொள்ளவில்லை. மாதா வேடத்துக்குப் போட்டி. மதலேன் வேடத்துக்கு ஆளில்லை. கடைசியில், கடலுக்குப் போன கணவன் திரும்பாததால் தாய் வீட்டில் இருந்த ஓர் இளம்பெண் முன்வந்தாள். கோவில் காரியம் என்றுதான் வந்தாள். நன்றாகவே நடித்தாள். அவள் மேடைக்கு வந்தபோது பின்வரிசையில் விசில் அடித்தார்கள். நாடகம் எடுபடுகிறது என்று நான் மகிழ்ந்தேன்.

மூன்று மாதம் கழித்து அவளுடைய தாய் பங்குத்தந்தை இல்லத்துக்கு வந்தார். அவர் பாசி எடுக்கும் பெண். விடிகாலையில் கடலில் இறங்கி, பாறை இடுக்கில் கையைவிட்டுப் பாசி பறித்துப் பிழைப்பவர். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "சாமி, நீங்க மேடையில போட்ட பேரு எம்மவளை விட்டுப் போகமாட்டேங்குதே. ஏலம் போடுற எடத்துல எல்லாவனும் மதலேன் மதலேன்னு கூப்பிடுறான்" என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்: "அந்த அம்மா நெசமாவே அப்படிப்பட்டவதானா சாமி? வேதத்துல அப்படியா எழுதியிருக்கு?"

இல்லை என்பது எனக்குத் தெரியும். குருமடத்தில் படித்திருக்கிறேன். தெரிந்தும் எழுதினேன். அந்தத் தாயின் கேள்விதான் இந்தக் கட்டுரை.

நற்செய்தியில் இருப்பது என்ன?

மகதலா மரியாவைப் பற்றி நற்செய்தியாளர்கள் சொல்வது குறைவு, ஆனால் தெளிவு. ஏழு பேய்களின் பிடியிலிருந்து ஆண்டவர் அவரை விடுவித்தார். அவரும் வேறு பல பெண்களும் தங்கள் உடைமைகளைச் செலவிட்டு ஆண்டவருக்கும் சீடர்களுக்கும் பணிவிடை செய்தார்கள் (லூக் 8:1-3). சிலுவை அருகில் நின்றார். வாரத்தின் முதல் நாள் கல்லறைக்கு வந்தார். யோவான் நற்செய்தியின்படி உயிர்த்த ஆண்டவரை முதலில் கண்டவர் அவரே. போய்ச் சொல் என்று அனுப்பப்பட்டவரும் அவரே (யோவா 20:11-18). அவர் தவறான வாழ்க்கை நடத்தியவர் என்று நான்கு நற்செய்தியாளரில் ஒருவரும் எழுதவில்லை.

அப்படியானால் சிவப்புப் புடவை எங்கிருந்து வந்தது? லூக்கா 7ஆம் அதிகாரத்தின் இறுதியில், பரிசேயர் வீட்டில் ஆண்டவரின் காலடிகளைக் கண்ணீரால் நனைத்த ஒரு பெண் வருகிறார். அவருக்குப் பெயர் இல்லை. பாவி என்று மட்டும் சொல்லப்படுகிறது. என்ன பாவம் என்றுகூடச் சொல்லப்படவில்லை. அடுத்த அதிகாரத்தின் தொடக்கத்தில் மகதலா மரியாவின் பெயர் வருகிறது. யோவான் நற்செய்தியில் பெத்தானியாவைச் சேர்ந்த மரியா ஆண்டவரின் காலடிகளில் நறுமணத் தைலம் பூசுகிறார் (யோவா 12:1-8). கி.பி. 591இல் திருத்தந்தை பெரிய கிரகோரியார் ஒரு மறையுரையில் இந்த மூவரும் ஒருவரே என்று கொண்டார். ஏழு பேய்களை ஏழு தீய நாட்டங்கள் என்று விளக்கினார். பாவி எவரும் நம்பிக்கை இழக்க வேண்டாம் என்று மக்களைத் தேற்றுவதே அவர் நோக்கம். ஆனால் அந்த விளக்கம் மேற்கில் ஓவியமாயிற்று, சிற்பமாயிற்று, நாடகமாயிற்று. கீழைத் திருஅவைகள் மூன்று பெண்களையும் தனித்தனியாகவே வைத்துப் போற்றிவந்தன.

1969இல் திருவழிபாட்டு நாள்காட்டி சீரமைக்கப்பட்டபோது, ஜூலை 22ஆம் நாள் உயிர்ப்பின் சாட்சியாகிய மகதலா மரியாவுக்கே உரியதாயிற்று. 2016இல் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அந்த நினைவுநாளை, திருத்தூதர்களின் விழாக்களுக்கு இணையாக, விழாவாக உயர்த்தினார். நாள்காட்டி மாறியது. மேடை மாறவில்லை.

2006இல் எழுந்த கோபம்

நம் வாசகர்கள் பலருக்கு நினைவிருக்கும். அமெரிக்க எழுத்தாளர் டான் பிரவுன் 2003இல் வெளியிட்ட 'த டாவின்சி கோட்' என்னும் நாவல், மகதலா மரியா ஆண்டவரின் மனைவி என்றும் அவர்களுக்குச் சந்ததி உண்டு என்றும் கதை கட்டியது. 2006இல் அது திரைப்படமாக வந்தபோது நாடெங்கும் எதிர்ப்பு. இது கற்பனை என்ற அறிவிப்போடு தணிக்கை வாரியம் அனுமதித்த படத்தைத் தமிழக அரசு தடை செய்தது. அதே ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது.

நம் பங்குகளில் அப்போது மூன்று வகையான மனிதரைப் பார்த்தேன். புத்தகத்தைத் தொடாமலே கொதித்தவர்கள் ஒரு வகை. படித்துவிட்டு, "இதையெல்லாம் எங்களிடம் மறைத்துவிட்டீர்களே ஃபாதர்" என்று என்னிடம் வந்த கல்லூரிப் பிள்ளைகள் இன்னொரு வகை. அந்த நாவலின் முகப்பிலேயே 'உண்மை' என்று தலைப்பிட்ட ஒரு பக்கம் உண்டு. அதைப் பார்த்தவர்கள் கதை முழுவதும் வரலாறு என்று எண்ணிவிட்டார்கள். மூன்றாம் வகையினர் மிகச் சிலர். அவர்கள் விவிலியத்தைத் திறந்து, மகதலா மரியா எங்கெங்கே வருகிறார் என்று தேடினார்கள்.

அந்த நாள்களில் என்னை உறுத்திய செய்தி வேறு. மகதலா மரியாவை மனைவி என்று ஒரு நாவலாசிரியர் எழுதியபோது நாம் தெருவில் இறங்கினோம். அவரை விலைமகள் என்று ஆயிரத்து நானூறு ஆண்டுகள் நாமே சொல்லிவந்தபோது எவரும் கோபப்படவில்லை. நான் கோபப்படவில்லை, வசனம் எழுதினேன்.

இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று அவரை ஆண்களோடு கொண்ட உறவால் இழிவாக்குகிறது. மற்றது அவரை ஓர் ஆணின் மனைவி, ஒரு குழந்தையின் தாய் என்பதால் முக்கியமாக்குகிறது. இரண்டிலும் காணாமல் போவது அவர் கண்டதும் சொன்னதும்தான். நற்செய்தி அவருக்குக் கொடுத்த ஒரே பெருமை அதுவே.

கற்பனையே பாவமா?

அப்படியானால் விவிலியப் பெண்களைப் பற்றிக் கதையே எழுதக்கூடாதா? அப்படிச் சொன்னால் முதலில் வீரமாமுனிவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டும். 1726இல் அவர் படைத்த தேம்பாவணி மூன்று காண்டங்களும் 36 படலங்களும் 3,615 பாடல்களும் கொண்டது. சூசையப்பரே காப்பியத் தலைவர். நற்செய்தியில் சூசையப்பர் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. அன்னை மரியா பேசுவதும் மிகக் குறைவு. இந்த மௌனத்தை நிரப்ப முனிவர், ஸ்பெயின் நாட்டு அக்ரேதா மரியா என்னும் துறவியின் நூலிலிருந்தும் தம் கற்பனையிலிருந்தும் எடுத்துத் தொடுத்தார். மாதாவை அவர் தமிழ் நிலத்தில் நடக்கவைத்தார். அதைக் காப்பியம் என்றே படித்தோம். நற்செய்தி என்று எவரும் மயங்கவில்லை.

சிலுவைப் பாதையின் ஆறாம் நிலையில் நிற்கும் வெரோணிக்காவை நினைத்துப் பாருங்கள். அவர் பெயர் நற்செய்தியில் இல்லை. 1991இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் விவிலிய நிகழ்வுகளை மட்டும் கொண்டு நடத்திய சிலுவைப் பாதையில் அந்த நிலை இடம்பெறவில்லை. ஆயினும் நம் கடற்கரைப் பெண்களுக்கு அந்த நிலை மிக அருகில் இருக்கிறது. வெள்ளியன்று அங்கே முழங்காலிடும்போது முந்தானையால் முகம் துடைக்காத தாய்மார் குறைவு. காரணம் எளிது. படைவீரர் நடுவில் ஒரு பெண்ணால் என்ன செய்ய முடியுமோ அதைச் செய்தவர் அவர். எல்லை தாண்டினார் என்று பிடிபட்ட மகனையோ கணவனையோ எண்ணி, எந்த அலுவலகத்தில் மனு கொடுப்பது என்று தெரியாமல் நின்ற பெண்களுக்கு அந்தத் துணி புரிகிறது.

பிற நாடுகளிலும் இதே கேள்வி எழுந்திருக்கிறது. தொடக்கநூல் 34ஆம் அதிகாரத்தில் யாக்கோபின் மகள் தீனா வருகிறாள். அவளுக்காக ஒரு நகரமே வாளுக்கு இரையாகிறது. அவள் வாயிலிருந்து ஒரு சொல் வருவதில்லை. அனித்தா டயமண்ட் என்னும் யூத எழுத்தாளர் 1997இல் 'த ரெட் டென்ட்' என்ற நாவலில் தீனாவையே பேசவைத்தார். பெண்களின் வாசிப்புக் குழுக்கள் வழியாக அது பரவியது. ஒரு பெண்ணின் மௌனம் இப்போதுதான் கேட்டது என்றார்கள் சிலர். விவிலியம் வன்முறை என்று காட்டுவதைக் காதலாக்கிவிட்டாரே என்று வருந்தினார்கள் வேறு சிலர். இரு தரப்புக்கும் காரணம் உண்டு. பேச்சற்ற பெண்ணுக்குப் பேச்சுக் கொடுப்பது நல்லது. அவள் பட்ட காயத்தை அழித்துவிடுவது நல்லதல்ல.

ஓரியூரின் ஏரோதியாள்

நம் மண்ணிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1693 பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் தலை வெட்டப்பட்ட புனித அருளானந்தரின் வரலாற்றை நாம் சிறுவயது முதல் கேட்கிறோம். தடியத்தேவர் திருமுழுக்குப் பெற விரும்பினார். ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவரான கடலாயி, சேதுபதி மன்னரின் உறவுப் பெண். அவர் மன்னரிடம் முறையிட்டார். திருமுழுக்கு யோவானின் கதை அப்படியே திரும்புகிறது என்று நம் முன்னோர் கண்டார்கள். மறையுரையிலும் நாடகத்திலும் கடலாயி ஏரோதியாள் ஆனார்.

ஒப்புமை பொருத்தம்தான். புனிதரின் சாட்சியமும் இதனால் சிறிதும் குறையாது. ஆனால் ஏரோதியாள் என்ற பெயரைச் சூட்டியவுடன் கடலாயியைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வியை நாம் கேட்காமல் விட்டோம். தான் செய்த எந்தத் தவறுமின்றி ஒருநாள் மனைவி என்ற நிலையை இழந்த பெண் எங்கே போவாள்? தடியத்தேவரின் செல்வாக்கைக் குறித்து மன்னருக்கு இருந்த அரசியல் அச்சத்தையும் மறந்து, பழி முழுவதையும் ஒரு பெண்ணின் கோபத்தின் மேல் ஏற்றினோம். விவிலியப் பெண்ணின் பெயர் விளக்காகவும் இருக்கலாம். உண்மையான பெண்ணை மறைக்கும் திரையாகவும் இருக்கலாம்.

வாசகருக்கு மூன்று கேள்விகள்

ஆகவே விவிலியப் பெண்களைப் பற்றிய நாவலோ, திரைப்படமோ, நம் பங்கு நாடகமோ எதுவாயினும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுவோம்.

முதலாவது, எது விவிலியத்தில் உள்ளது, எது ஆசிரியர் சேர்த்தது? இதற்கு விவிலியத்தைத் திறந்தாக வேண்டும். சேர்த்ததைச் சேர்த்தது என்று ஒப்புக்கொள்ளும் கதையோடு நமக்குச் சண்டை இல்லை.

இரண்டாவது, சேர்த்ததால் அந்தப் பெண்ணுக்கு விவிலியம் கொடுத்தது பறிபோகிறதா? மகதலா மரியாவிடம் நற்செய்தியை எடுத்துக்கொண்டு வளையல்களைக் கொடுப்பது நல்ல வியாபாரம் அல்ல.

மூன்றாவது, இந்தக் கதைக்கு விலை கொடுப்பவர் யார்? நான் எழுதிய காட்சிக்கு நான் விலை கொடுக்கவில்லை. கணவன் கடலோடு போன ஓர் இளம்பெண் கொடுத்தாள்.

அந்தத் தாய் கேட்ட கேள்விக்கு அடுத்த ஞாயிறு திருப்பலியில் பதில் சொன்னேன். தவறு என்னுடையது என்றும் சொன்னேன். அன்பியக் கூட்டத்தில் லூக்கா 8ஆம் அதிகாரத்தை வாசிக்கவைத்தேன். அதே தாய் கேட்டார்: "பேய் புடிச்சவன்னா நோயாளிதானே சாமி? நோயாளியப் போயி இப்படிச் சொல்லுவாங்களா?" இன்னொருவர், "தன் காசைப் போட்டுல்ல செலவு பாத்திருக்கா!" என்று வியந்தார். பல நூல்களில் நான் படித்ததை அந்த இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிட்டார்கள்.

மறு ஆண்டு நாடகத்தில் அந்தக் காட்சி இல்லை. மகதலா மரியா வெள்ளைப் புடவையில், இருட்டோடு கையில் விளக்குடன் கல்லறைக்கு வந்தார்; ஓடிப்போய்ச் சீடர்களிடம் சொன்னார். அவ்வளவுதான். வேடத்துக்கு மூன்று பெண்கள் பெயர் கொடுத்தார்கள். முன்னர் நடித்தவள் கொடுக்கவில்லை. அவள் மேல் ஒட்டிய பெயர் உதிர மேலும் சில ஆண்டுகள் ஆயின. ஒரு மறையுரையால் அழிந்துவிடும் காரியம் அல்ல அது.

அன்பர்களே, வரும் தவக்காலத்தில் உங்கள் பங்கில் நாடகம் போடுகிறவர்கள் இதை நினைவில் கொள்ளுங்கள். ஜூலை 22 அன்று உங்கள் வீட்டில் மதலேன் என்ற பெயர் கொண்ட பாட்டியோ அக்காளோ இருந்தால், அவர்களுக்கு விழா வாழ்த்துச் சொல்லுங்கள். ஆண்டவர் உயிர்த்துவிட்டார் என்று முதலில் அறிவித்தவரின் பெயரைத் தாங்குகிறீர்கள் என்று சொல்லுங்கள். பலருக்கு அது புதிய செய்தியாக இருக்கும்.