தெருத் தண்ணீர் எங்கே போகிறது?

கங்கை எங்கே பிறக்கிறது என்று பள்ளிக்கூடம் சொல்லித் தருகிறது. நம் தெருத் தண்ணீர் எங்கே போகிறது என்பதற்குப் பாடம் இல்லை. பெங்களூரின் தென்கிழக்கே, எலெக்ட்ரானிக் சிட்டியை ஒட்டிய ஹெப்பகோடியில் அந்தப் பாடம் அவசியம்.

பெங்களூர் ஒரு மேட்டின் முதுகில் இருக்கிறது. மேற்குச் சரிவின் மழைநீர் அர்க்காவதி வழியே காவிரிக்குப் போகிறது. ஹெப்பகோடி இருக்கும் கிழக்குச் சரிவின் நீர் தென்பெண்ணைக்கு. ஓர் ஏரி நிரம்பினால் ‘ராஜகாலுவே’ என்ற கால்வாய் வழியே அடுத்த ஏரிக்கு நீர் இறங்கும். கடைசியில் ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி, பிறகு கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைத் தாண்டிக் கடலூரில் கடல் சேரும். கெலவரப்பள்ளியில் அடிக்கடி பொங்கும் நுரை, மேலே கலந்த கழிவுக்குச் சாட்சி.

சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991லேயே சொல்லிவிட்டது. மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்குவதோடு அது முடிந்துவிடக் கூடாது. மழை விட்டதும் மாணவர்களைத் தெருவுக்கு அழைத்துச் சென்று, நீர் ஓடும் திசையை வரைபடத்தில் குறிக்கச் சொல்லலாம். பயோகான் அறக்கட்டளை சீரமைத்த ஹெப்பகோடி ஏரியே நல்ல கரும்பலகை.

தண்ணீர் என்றால் இரு மாநிலங்களிலும் பெரியவர்களுக்கு வழக்குதான் நினைவுக்கு வருகிறது. தன் வீட்டுச் சோப்புத் தண்ணீர் கிருஷ்ணகிரி விவசாயியின் வயலுக்குப் போகிறது என்று தெரிந்த பிள்ளை வேறு விதமாக யோசிக்கும்.