கண் எங்கே இருக்கிறது?

குட்டீஸ்... ஒரு முகம் வரையச் சொன்னால், கண்களை எந்த இடத்தில் வைப்பீர்கள்? பெரும்பாலானோர் தலையின் மேல் பகுதியில், நெற்றிக்குப் பக்கத்தில் வைத்து விடுவர். இப்போது ஒரு ஸ்கேலுடன் கண்ணாடி முன் நில்லுங்கள். உச்சந்தலையில் இருந்து கண் வரை எவ்வளவு, கண்ணில் இருந்து தாடை நுனி வரை எவ்வளவு என்று அளந்து பாருங்கள். ஏறக்குறைய இரண்டும் சமம். அதாவது, கண் இருப்பது தலையின் பாதியில்!

தினமும் பார்க்கும் முகம். பிறகு ஏன் வரையும் போது தப்பாகிறது? கை மேல் குற்றமில்லை. கண், மூக்கு, வாய் இவை தான் நமக்கு முக்கியம். நெற்றியையும், முடியையும் யார் கவனிக்கின்றனர்? அதனால், மனம் அவற்றைச் சுருக்கி விடுகிறது.

முகம் மட்டுமல்ல... இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, பக்கத்தில் தென்னை மரம் என்று எல்லாருக்கும் ஒரே படம் வருவதும் இப்படித் தான். அது கண் பார்த்த மலை அல்ல. தலைக்குள் இருக்கும் அச்சு. சின்ன வயதில் அது அழகு தான். ஆனால், பத்து, பதினொரு வயதில், 'நிஜம் மாதிரி இருக்கணும்' என்று ஆசை வரும். அச்சோ மாறாது. உடனே, 'எனக்கு டிராயிங் வராது' என்று நோட்டை மூடி விடுகிறோம். வேண்டுமானால், வீட்டில் அப்பா, அம்மாவை ஒரு வீடு வரையச் சொல்லுங்கள். அவர்கள் ஆறாம் வகுப்பில் வரைந்த அதே வீடு வந்தாலும் வரும்!

பெரிய ஓவியர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரில் வாழ்ந்தவர் ஆல்பிரெக்ட் டூரர். 1515ல், குஜராத் சுல்தான் பரிசளித்த காண்டாமிருகம் ஒன்று, கோவாவில் இருந்து கப்பலில் போர்ச்சுகல் போய்ச் சேர்ந்தது. ஐரோப்பியர்கள் பல நூற்றாண்டுகளாகப் பார்த்திராத விலங்கு! டூரரும் பார்க்கவில்லை. யாரோ எழுதிய வர்ணனையையும், ஒரு கோட்டுப் படத்தையும் வைத்தே அதை வரைந்தார். போர் வீரனின் இரும்புக் கவசம் மாதிரி தோல், காலில் செதில்கள், முதுகில் கூடுதலாக ஒரு குட்டிக் கொம்பு! அதைத் தான் நிஜக் காண்டாமிருகம் என்று ஐரோப்பா வெகுகாலம் நம்பியது.

இதே டூரர், 1502ல் வாட்டர் கலரில் வரைந்த முயல், வியன்னாவின் ஆல்பர்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு ரோமமும் தெரியும். முயலின் கண்ணுக்குள், ஜன்னலின் பிரதிபலிப்பு கூட இருக்கிறது. அதே கை தான். இந்த முறை கண் நன்றாகப் பார்த்திருக்கிறது.

சரி, பார்க்கப் பழகுவது எப்படி?

பெட்டி எட்வர்ட்ஸ் என்ற அமெரிக்க ஓவிய ஆசிரியை, 1979ல் வெளியிட்ட தன் புத்தகத்தில் ஒரு வேடிக்கையான பயிற்சி தந்தார். இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியை பிக்காசோ வரைந்த கோட்டுப் படத்தை, தலைகீழாக வைத்து வரைய வேண்டும்! தலைகீழாக இருந்தால், 'இது மூக்கு, இது விரல்' என்று மனதால் சட்டென்று பெயர் சொல்ல முடியாது. வேறு வழியில்லாமல் கோடு எங்கே வளைகிறது, எங்கே நிற்கிறது என்று மட்டும் பார்க்கும். நீங்களும் ஏதாவது ஒரு கோட்டுப் படத்தை தலைகீழாக வைத்து, ஒரு மூலையில் ஆரம்பித்து வரையுங்கள். முடியும் வரை திருப்பக் கூடாது.

அடுத்து, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதை வரையாதீர்கள்! கால்களுக்கு நடுவில், கைப்பிடிக்குக் கீழே தெரியும் இடைவெளிகளின் வடிவத்தை மட்டும் வரையுங்கள். இடைவெளிகள் சரியாக வந்தால், நாற்காலி தானாக வந்து நிற்கும்.

அளவு தெரிய பென்சில் போதும். கையை நேராக நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சில் நுனியை குடத்தின் வாய்க்கு நேராகப் பிடியுங்கள். குடத்தின் அடி எங்கே வருகிறதோ, அங்கே கட்டை விரலை வையுங்கள். அந்த உயரத்துக்கு அகலம் எத்தனை பங்கு என்று ஒப்பிடலாம். முழங்கை மடங்கினால் அளவு மாறிவிடும், ஜாக்கிரதை. போர்டில் உள்ள படத்தைப் பார்த்து பத்து முறை வரைவதை விட, மேஜை மேல் ஒரு பழைய ஷூவை வைத்து ஒரு முறை வரைவது மேல் என்பேன்.

வண்ணத்திலும் இதே கதை தான். 'நிழல் என்றால் கறுப்பு' என்பதும் ஒரு அச்சு தான். மஞ்சள் மாம்பழத்தின் நிழல் பக்கத்துக்கு கறுப்பைக் கலந்து பாருங்கள்... அழுக்குப் பச்சையாகிவிடும்! அதற்குப் பதில், மஞ்சளில் துளி ஊதா கலந்தால், பழத்தோடு ஒட்டிய பழுப்பு நிழல் கிடைக்கும். வாட்டர் கலரில் வெளிச்சமான இடத்துக்கு வெள்ளை பெயின்ட் வேண்டாம். பேப்பரை அப்படியே விட்டு விடுங்கள். முதலில் வெளிர் நிறம்; அது காய்ந்த பின் அடர் நிறம்.

காயும் வரை காத்திருக்க வேண்டும். அதுவரை மாம்பழத்தை யாரும் சாப்பிட்டு விடாமல் பார்த்துக் கொள்ளுங்கள்!